நிக்சனுக்கு நான் வைத்த சிரிப்பு

அந்தப் படத்தில் இருக்கிற வாய் என்னுடையது.

நெற்றி அவனுடையது. கண்களும் மூக்கும் அவனுடையவை. மூக்குக்குக் கீழே வருகிறதெல்லாம் நான்... உதடு நான், நாடி நான், சட்டைக் கழுத்து வரைக்கும் நான்! காணாமல்போன ஒரு பிள்ளையின் படத்தில் பாதி அழிந்துபோனது. அழிந்த இடத்தில் என் முகத்தின் பாதியை வைத்து, ஒட்டுத் தெரியாமல் பூசி, "இந்தாங்கோ அம்மா, உங்கட மகன்" என்று அவனைப் பெற்றவரின் கையிலேயே கொடுத்தேன்.

இதை நான் எவருக்கும் சொன்னதில்லை. கட்டினவளுக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் என் கடைப் படி ஏறி வரப்போகிறவர் அல்ல.

ஆனால் ஒன்றை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அழுதுகொண்டு இதை எழுதவில்லை. அந்தப் படத்தில் நான் செய்தது நல்ல வேலை. அந்தப் படத்தை எத்தனையோ பேர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டார்கள், ஒட்டிய இடத்தை இன்றுவரை ஒருவரும் காணவில்லை. என்ன மனிதன் இவன் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்! நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முல்லைத்தீவு பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் எனக்குக் கொம்பியூட்டர் திருத்துகிற கடை ஒன்று இருக்கிறது. ஆள் நீட்டிப் படுத்தால் கால் றோட்டில் கிடக்கும். எலி வளையானாலும் தனி வளை. கந்தோர்களிலிருந்து வருகிறார்கள், பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிறார்கள், கோயில் பாதர்கூடத் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். இந்தக் கரையில் என்னை விட்டால் ஆள் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் தாய் தேயிலைக் கொழுந்து பறித்தவள். தகப்பனும் தோட்டத்தில்தான். கலவரத்து அடிக்குப் பயந்து மலையை விட்டு வன்னிக்கு இறங்கி, முள்ளியவளைக்கு அப்பால் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் இருக்கவில்லை, "தோட்டக்காட்டான்" என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் சிலர் இன்று பழுதான பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி, "தம்பி, ஒருக்காப் பாருமன்" என்று என் வாசலில் நிற்கிறார்கள். நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை. கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தச் சுகம் இருக்கிறதே... அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

இந்தப் பெருமையை மறந்துவிடாதீர்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி பெனடிக்ற் அண்ணையின் ஸ்ரூடியோ. அவரிடம் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. வெள்ளையாக வந்த பெட்டி பழுப்பாகி, கடற்காற்றில் திருகாணி எல்லாம் துருவேறி, முக்கி முனகி வேலைசெய்கிற கிழடு. ஆனால் ஊரின் முகங்கள் முழுவதும் அதற்குள்தான் இருந்தன.

எங்கள் பக்கத்தில் ஒரு படத்துக்கு என்ன பெறுமதி என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. சண்டைக்குள் ஓடிய ஓட்டத்தில் அல்பங்களும் சட்டம் போட்ட கலியாணப் படங்களும் பங்கருக்குள்ளும் வழியிலும் கிடந்து மக்கிப்போயின. திரும்பி வந்தவர்களிடம் மிஞ்சியது முத்திரை அளவு அடையாள அட்டைப் படங்கள். அவற்றைப் பெனடிக்ற் அண்ணையிடம் கொடுத்துப் பெருப்பித்தார்கள். அதோடு நிற்கவில்லை. மகளின் கலியாணப் படத்தில் தகப்பன் இல்லையே என்று கேட்டால், அண்ணை யாரோ ஒருவரின் வேட்டி சால்வைக்கு மேல் செத்தவரின் தலையை வைத்து, பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கொடுப்பார். எங்கள் வீடுகளின் சுவர்களில் இப்படிப் படங்கள் நிறையத் தொங்குகின்றன. பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. "நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொல்வார்கள்.

ஒரு நாள் அந்தக் கிழட்டுப் பெட்டி எழும்பவில்லை. அண்ணை என்னைக் கூப்பிட்டார். போய்க் காதை வைத்துக் கேட்டேன். டக்... டக்... டக்... ஹாட் டிஸ்க் போய்விட்டது. உள்ளே சுழல்கிற தட்டின்மேல் ஒரு சிறு ஊசி ஓடித்தான் எல்லாவற்றையும் வாசிக்கும். அந்த ஊசி தடம் தெரியாமல் தட்டுகிற சத்தம் அது. கேட்டதும் எனக்கு விளங்கியது.

அண்ணையின் முகம் வெளிறிப்போனது. வேறு பிரதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை. வைக்கச் சொல்லி நான் எத்தனை தரம் சொன்னேன்! சொன்னால் யார் கேட்கிறார்கள்? அவர் தயங்கித் தயங்கி ஒரு கதை சொன்னார்.

"தம்பி, கொழும்பில உதுக்கெண்டே படிச்ச ஆக்கள் இருக்கினமாம். ஒருக்கா அனுப்பிப் பாப்பமோ?"

படிச்ச ஆக்கள்! அந்த இரண்டு சொல்லும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. கொழும்புக்கு அனுப்புவதென்றால் என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

அவர் சொன்னது சரி. அனுப்பியிருந்தால் தூசி புகாத அறையில் வைத்துத் திறந்து, ஊசியை மாற்றி, எல்லாவற்றையும் எடுத்திருப்பார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அனுப்பவிடவில்லை. என் முதல் குற்றம் அது. அதை நான் குற்றமாகக்கூட எண்ணவில்லை, என் தொழிலின் மானம் என்று எண்ணினேன்.

புது டிஸ்க் போடுவது பெரிய காரியமில்லை. நான்கு திருகாணி, இரண்டு வயர். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, விண்டோஸ் ஏற்றி, பிறின்றரையும் இணைத்துக் கொடுத்தேன். அன்றைக்கே அண்ணை இரண்டு பாஸ்போட் படம் அடித்தார். கொம்பியூட்டர் பிழைத்துவிட்டது... ஆனால் முகங்கள் எல்லாம் பழைய டிஸ்குக்குள். அதை என் கடைக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த நாளே ஞானம்மா வந்தார்.

அவரை எனக்கு முன்பே தெரியும், கதைத்துப் பழகியதில்லை. கடற்கரைப் பக்கத்து மனுஷி. புருஷன் கடலில் போனவர். கருவாடு காயவைத்து விற்றுச் சீவிக்கிறார். ஒரே மகன் நிக்சன். சண்டையின் கடைசி நாட்களில் ஆமிக்காரர் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றியதைத் தன் கண்ணால் கண்டவர் அவர். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அன்றுதொடக்கம் மகனின் படத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடுகிற மற்றத் தாய்மாரோடு றோட்டோரக் கொட்டிலில் இருக்கிறார்.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு படம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எடுத்தது. ஓட்டத்தில் சொப்பிங் பைக்குள் சுற்றி இடுப்பில் செருகிக் காப்பாற்றிய படம். அதை அண்ணையிடம் கொடுத்துப் பெருப்பித்திருந்தார். மூலப் படம் ஏதோ ஒரு விசாரணைக்குக் கொடுத்ததோடு போனது, திரும்பி வரவில்லை. வீட்டில் இருந்த பிரதியை வெள்ளம் கொண்டுபோனது. கையில் வைத்திருந்தது கொட்டிலோடு சேர்ந்து ஒரு மழைக்காற்றில் கிழிந்துபோனது. புதிதாக ஒன்று அடிக்கலாம் என்று ஸ்ரூடியோவுக்குப் போனவரிடம் அண்ணை செய்தியைச் சொல்லியிருக்கிறார்.

வாசலில் நின்றார். இருங்கோ என்றேன், இருக்கவில்லை. மேசையில் கிடந்த டிஸ்கைக் காட்டி, இதுதானோ என்று கேட்டார். ஓம் என்றேன். கிட்ட வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ர பிள்ளை உதுக்குள்ளதான் கிடக்கிறான் தம்பி. எடுத்துத் தருவீரோ?"

தொழில் தெரிந்தவன் அந்த இடத்தில் சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான். 'பாக்கிறன்.' அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. எனக்கு அது தெரியாதா? தெரியும்! ஆனாலும் அந்த மனுஷி என்னைப் பார்த்த பார்வை... ஒரு டொக்டரைப் பார்ப்பதுபோல் என்னை, தோட்டக்காட்டானை, பார்த்த அந்தப் பார்வை! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எடுத்துத் தாறன் அம்மா" என்றேன்.

இனி ஐஸ் பெட்டிக் கதை. சிரிக்க வேண்டுமென்றால் சிரியுங்கள்.

சாகக் கிடக்கிற டிஸ்கை நன்றாகக் குளிரவைத்தால், சிலவேளை கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும் என்று ஒரு கைவைத்தியம் எங்கள் தொழிலில் உண்டு. வீட்டுக் குளிர்ப்பெட்டி சும்மா பெயருக்குக் குளிர்வது, கரண்டும் வந்து வந்து போகிறது. கடற்கரையில் மீனை ஐஸில் அடுக்கி ஏற்றுகிற மீன் வாடி இருக்கும்போது எனக்கு என்ன குறை? டிஸ்கை இரண்டு சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு போய், வாடிக்காரரின் ஐஸ் பெட்டிக்குள் பாரை மீன்களுக்கு நடுவே புதைத்தேன். அவர் எட்டிப் பார்த்து, உதையும் மீனோடு கொழும்புக்கு ஏத்திறதோ தம்பி என்று கேட்டார். கொழும்பு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இல்லை, இஞ்சையே சமைக்கிறது என்றேன்.

எடுத்துக்கொண்டு வந்து மாட்டினேன். உங்களுக்கு எப்படிச் சொல்வேன்... ஓடியது! டக் டக் நின்று, வண்டு ரீங்கரிப்பதுபோல் அந்தப் பழைய சத்தம் வந்தது. கடைக்குள் தனியே நின்று கை தட்டினேன். ஐஸ் போட்டு உயிர் எடுத்தேன்! கொழும்புக்காரன் கேட்டால் வாய் பிளப்பான்.

அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது என்ன? முதலில் நிக்சனைத் தேடி எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற காரியம். நான் என்ன செய்தேன்? பெனடிக்ற் அண்ணையைக் கூப்பிட்டேன். கொழும்புக் கதை கதைத்த மனிதர் கண்ணால் காண வேண்டும் என்று, அவர் பெரிதாய் எண்ணுகிற கலியாண வீட்டுப் படங்களைத்தான் முதலில் இறக்கினேன். ஒன்றொன்றாய்த் திறந்து காட்டினேன். மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பெரிய ஆளடா" என்றார். அந்தச் சொல்லைக் கேட்கத்தானே கூப்பிட்டேன்.

டிஸ்க் வியர்த்துக்கொண்டிருந்தது. ஐஸிலிருந்து எடுத்ததை ஈரம் போக வைத்துத்தான் மாட்ட வேண்டும், எனக்குத்தான் அவசரம். பையில் ஒரு பொத்தல் இருந்திருக்கிறது. ஐஸ் தண்ணீர், மீன் வாடியின் உப்புத் தண்ணீர், உள்ளே போயிருக்கிறது. கலியாணங்கள் வந்தன, பூப்புனித நீராட்டு விழாக்கள் வந்தன, கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கிய படங்கள் வந்தன, அடையாள அட்டைப் படங்களும் வந்தன. பெருப்பித்த பழைய படங்கள் கடைசியில் இருந்தன. அவை வந்துகொண்டிருக்கும்போதே சத்தம் மாறியது. கரகரவென்று தகரத்தில் ஆணி இழுபட்டது... பிறகு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எந்த ஐஸும் அதை எழுப்பவில்லை.

வந்தவற்றுக்குள் தேடினேன். நிக்சன் இருந்தான்.

பாதி.

தலைமயிர், நெற்றி, புருவம், கண்கள், மூக்கு. மூக்கின் கீழ் ஓரத்தோடு படம் நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம், பெயின்ற் அடித்த சுவர்போல. சரியாக அவனை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் டிஸ்க் செத்திருக்கிறது. அண்ணைக்குக் காட்டிய கலியாணங்களில் ஒன்றைக் குறைத்திருந்தால்... ஒன்றே ஒன்று!

சொல்லியிருக்கலாம். 'அம்மா, பாதிதான் வந்தது, மன்னியுங்கோ' என்று சொல்லியிருக்கலாம். அழுதிருப்பார். பிறகு அந்தப் பாதியை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு போயிருப்பார். ஏன் சொல்லவில்லை? இரக்கம் என்று கொஞ்சக் காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இரக்கமில்லை. 'எடுத்துத் தாறன்' என்று சொன்னவன் நான். ஊர் முழுக்க அண்ணை என் புகழைப் பாடிக்கொண்டு திரிந்த நேரம் அது. அந்த நேரத்தில் பாதிப் படத்தை நீட்டுவதா?

வேறு வாய் தேடினேன். வந்த படங்களில் அவன் வயதுப் பெடியன்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவன் உதடு தடிப்பு, ஒருவனுக்கு மீசை, ஒருவன் முகம் திருப்பி நிற்கிறான். அப்படித் தேடிக்கொண்டு போகையில் ஒரு முகம் என்னையே பார்த்தது. நான்! பதினெட்டு வயதில், அடையாள அட்டைக்கு அண்ணையிடம் எடுத்த படம். வெளிச்சம் விழுந்த பக்கமும் ஒன்று, முகத்தின் அகலமும் ஒன்று. வெள்ளைச் சட்டையும் ஒன்று. கொண்டுபோய் வைத்தேன். செய்து வைத்ததுபோல் பொருந்தியது.

என்னைத் தோட்டக்காட்டான் என்றார்களே! இந்தக் கரையில் பிறந்த பிள்ளையின் முகத்தில் என் வாய் ஒரு மயிர் அளவு பிசகாமல் பொருந்துகிறது. வாருங்கள், வந்து பாருங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்த முடியாது. அதுவும் ஒரு வயிற்றெரிச்சல்.

காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கிய வேலை பின்னேரக் கோயில் மணி அடிக்கையில் முடிந்தது. தோல் நிறத்தை இழைத்து, மூக்கின் நிழலை மேலுதட்டில் விழுத்தி, பழைய படத்துக்குள்ள புள்ளி புள்ளியான மங்கலையும் கீழ்ப்பாதிக்கு ஏற்றி... நான் செய்த வேலைகளிலேயே இதைவிட நல்ல வேலை கிடையாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஞானம்மா வந்து படத்தை வாங்கினார். நெடுநேரம் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல் மெல்லக் கீழே வந்து உதட்டில் நின்றது.

"சிரிக்கிறான்... அந்தப் படத்தில இவன் சிரிச்சவனோ தம்பி?"

அடையாள அட்டைப் படத்தில் நான் கொஞ்சம் சிரித்திருந்தேன். கடைவாய் ஓரத்தில், தெரிந்தும் தெரியாமலும். அதை நான் கவனிக்கவே இல்லை!

"ஓம் அம்மா. பழைய பிரதியள் மங்கல். இப்பத்தான் துலக்கமாத் தெரியுது" என்றேன். நாக்குக் கூசவில்லை.

"அப்ப சிரிச்சிருக்கிறான்" என்றார். "நான்தான் இவ்வளவு நாளும் காணேல்லை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன். மறைபட்டுவிட்டது.

அன்றிலிருந்து அவர் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய ஒரு பையில் மீனோ நண்டோ கருவாடோ கொண்டு வருவார். வேண்டாம் என்றால் கோபிப்பார். தம்பி என்று தொடங்கிய கதை எப்போது மகன் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரோடு நான் ஏதோ பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற ஞானம்மா என்னையே பார்த்தார். நீ சிரித்தால் அவனைக் கண்டதுபோல் கிடக்கு மகன் என்றார். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, பாவம், பிள்ளை நினைவில் சொல்கிறா என்றாள்.

பாவம்தான்! ஆனால் நான் மகிழ்ந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். கடற்கரைச் சனம் என்னைப் பார்க்கிற விதமே மாறிப்போனது. மற்றத் தாய்மாரும் தங்கள் படங்களைக் கொண்டு வந்தார்கள், மங்கலைத் துலக்கித் தரச் சொல்லி. அவர்களுக்கு நேர்மையாகத்தான் செய்து கொடுத்தேன். கிழிந்ததைப் பொருத்தினேன், இல்லாததை வைக்கவில்லை. அதையும் நீங்கள் எழுதி வையுங்கள், எனக்குச் சார்பாக ஏதாவது இருக்கட்டும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வருடம் ஞானம்மா ஓட்டமாய் வந்தார். செட்டிகுளத்தில் ஒருவர் இருக்கிறாராம், கனகாலம் தடுப்பு முகாமுக்குள்ளே இருந்து வெளியில் வந்தவராம். பல தாய்மார் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுகிறார்களாம். அவர் ஒருத்திக்கு விவரம் சொல்லியிருக்கிறாராம், என்னைக் கூட்டிக்கொண்டு போவியோ மகன் என்றார். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்கப் படத்தை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

அந்த மனிதர் மெலிந்தவர், வேலி கட்டிக்கொண்டு நின்றார். கையைக் கழுவிவிட்டு வந்து படத்தை வாங்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். சரித்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார்.

அப்போது எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? 'ஒட்டு தெரியவில்லை' என்று ஓடியது. ஒரு தாய் வெறும் துவாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். இங்கே நான் என் வேலையின் நயத்தை எண்ணிக் குளிர்ந்துகொண்டிருந்தேன்!

"கண்ணைப் பாத்தா எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன்தான் அம்மா" என்றார் அவர். "அங்க பேர் கதைக்கிறேல்லை, முகம்தான். ஆனா வாய் இது இல்லை. அவன்ர வாய் வேற."

வடிவாகப் பாருங்கோ என்று ஞானம்மா கெஞ்சினார். அவர் திரும்பவும் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"அந்தப் பெடியன் எண்டாச் சொல்ல என்னட்டை ஒரு கதை கிடக்கு. அவன் இல்லாட்டி அதைச் சொல்லி உங்களைக் குழப்பக் கூடாது. வேற படம் ஏதும் இருக்கோ? ஒண்டை மட்டும் வச்சுச் சொல்ல ஏலாது."

ஞானம்மா என் பக்கம் திரும்பினார்.

"மகன், அதுக்குள்ள வேற ஒண்டும் வரேல்லைத்தானே?"

என் கடையில், என் மேசையில், அந்தப் பாதிப் படம் அப்படியே இருந்தது. பாதி என்றாலும் முழுக்க அவன். அதைக் காட்டி, கீழே இருப்பது என் வாய், அதை மறந்துவிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கோ என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? படத்தின் கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கோ என்று சொன்னாலே போதுமே! இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இல்லை அம்மா" என்றேன்.

இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. ஆரம்பத்தில் சொன்னது பாதிதான். வாய் வைத்தது ஒரு வேலை. மனம் ஆறுவதற்குச் சுவரில் தொங்குகிற படத்துக்குத் தலை ஒட்டலாம், ஆளைத் தேடிக் கொண்டுதிரிகிற படத்தில் கை வைக்கக் கூடாது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மடையன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் செட்டிகுளத்தில் எனக்கு எல்லாம் உறைத்தது. உறைத்த பிறகும் இல்லை என்றேன்.

பயமா? பயமும்தான். ஆனால் பயத்துக்கும் மேலே ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர் வராமல் போவாரே... முல்லைத்தீவில் என் பெயர் என்ன ஆகும்... பழையபடி தோட்டக்காட்டான், அதுவும் கள்ளத் தோட்டக்காட்டான்!

திரும்பி வரும்போது ஞானம்மா அழவில்லை. அந்தாள் பிழையாகச் சொல்கிறார், என் பிள்ளையின் வாய் எனக்குத் தெரியாதோ என்று என் முதுகுக்குப் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த மனிதர் இன்னமும் செட்டிகுளத்தில்தான் இருக்கிறார். பாதிப் படத்தை எடுத்துக்கொண்டு நான் தனியே போகலாம். வழி தெரியும், வாகனம் இருக்கிறது. போகவில்லை. கண் ஒத்த பெடியன்கள் எத்தனையோ பேர், அவன் வேறு யாராகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருக்கலாம்தான். அவனாகவும் இருக்கலாம். போய்க் கேட்டால் தெரிந்துவிடும்... அதனால்தான் போகவில்லை.

நவம்பர் மாதம் தொடங்கும்போது கடற்கரைக் கோயிலில் மரித்த ஆத்துமாக்களுக்குப் பூசை வைப்பார்கள். வீட்டுக்கு வீடு செத்தவர்களின் பெயரைப் பாதரிடம் கொடுப்பார்கள், பின்னேரம் சேமக்காலையில் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவில் உள்ள பெரிய குருசடியில், சிலுவையின் காலடியில், கொளுத்துவார்கள். காணாமல்போனவர்களின் தாய்மார் மட்டும் பெயர் கொடுப்பதில்லை. கொடுத்தால் செத்தான் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஞானம்மா இத்தனை வருடமும் கொடுக்காதவர்.

இந்த வருடம் கொடுத்துவிட்டார்.

என்னை வரச் சொல்லியிருந்தார். நான் சைவக்காரன், ஆனாலும் மகன் என்று கூப்பிட்டால் எப்படிப் போகாமல் விடுவது? போனேன். குருசடி முழுக்க வெளிச்சம். அதற்குள் நிக்சனின் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார். என் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டு, எவ்வளவு துலக்கமான படம், உம்மட கைதானே தம்பி செய்தது என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். அந்த இடத்திலும்... உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், அந்த இடத்திலும் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பெருமை வந்துதான் போனது.

ஞானம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"செட்டிகுளத்தார் அவன் இல்லையெண்டு சொன்ன பிறகுதான் மகன் எனக்கு மனம் விட்டுது" என்றார். "அங்கயும் இல்லையெண்டா, பிள்ளை எங்கயும் இல்லை. இனித் தேடமாட்டன்."

என் கையில் நெருப்புப் பெட்டியைத் தந்தார். கடற்காற்றுக்குத் தன்னால் கொளுத்த ஏலாதாம், அவனுக்கு ஒரு தம்பியாய் நின்று நீ கொளுத்து என்றார்.

வாய் திறந்தேன். அவர் காத்துக்கொண்டு நின்றார்.

கொளுத்தினேன். காற்றுக்கு அணைந்துவிடாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, மெழுகு உருகி முடியும்வரை அங்கேயே நின்றேன்.